மனம் உடையும்போது எந்தக் கதவைத் தட்டுவது?

யுத்தம் முடிந்து ஒன்றரைத் தசாப்தம் கடந்துவிட்டது. ஆனால், குடும்பத்தில் ஒருவருக்கு உளநெருக்கடி ஏற்பட்டால் முதலில் எங்கே போவது என்ற கேள்விக்கு வடக்கு கிழக்கில் பல வீடுகளில் இன்னமும் பதில் இல்லை. சேவைகள் அறவே இல்லாததால் மட்டும் வந்த நிலை அல்ல இது. இருக்கும் சேவையை நெருங்கவே எமது மக்கள் பயப்படுகிறார்கள் என்பதுதான் நான் கண்ட உண்மை.

2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வொன்றில், பங்குபற்றியவர்களில் 22.2 வீதமானோரிடம் மனச்சோர்வும் 32.6 வீதமானோரிடம் பதகளிப்பும் காணப்பட்டன. இதனைத் தனிநபரின் நோயாக மட்டுமன்றி, சமூகம் முழுவதன் காயமாகவும் பார்க்கவேண்டும் என்று உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நீண்டகாலமாக எழுதிவருகிறார். அப்படியானால், நோயாளியைக் கூட்டிக்கொண்டு போகவேண்டிய தாயும் சகோதரியும் அதே காயத்தோடு வாழ்பவர்கள்தான்.

முல்லைத்தீவில் நான் பேசிய தாய் ஒருவரின் மகன், தன்னைப் பிடிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு பல இரவுகள் தூங்காமல் இருந்திருக்கிறார். கோயிலுக்குப் போனார்கள், நூல் கட்டினார்கள். வைத்தியசாலைக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். “பேரைப் பதிஞ்சு வைப்பினம் பிள்ளை. பிறகு சீஐடி வந்து கேட்டால்?” என்றார். ஊரவர் ‘விசர்’ என்பார்களே என்ற வெட்கம் அவருக்கு இரண்டாவது காரணம்தான்.

இதை அறியாமை என்று ஒதுக்க முடியாது. 2009இன் பின்னர் ‘புனர்வாழ்வு’ என்ற சொல் எமது மக்களுக்கு முகாமையே குறித்தது. 2023இல் நிறைவேற்றப்பட்ட புனர்வாழ்வுப் பணியகச் சட்டம், போதைக்கு அடிமையானவர்களையும் அதே சொல்லுக்குள் கொண்டுவந்தது. உளநோய் தொடர்பான சட்டத்தின் அடித்தளமோ 1873இல் பிரித்தானியர் இட்டது. சிகிச்சையும் தடுத்துவைப்பும் ஒன்றுபோலத் தெரிந்தால் அது மக்களின் குற்றமல்ல.

ஆனாலும், பயத்தில் கழியும் நாட்கள் உயிரைப் பறிக்கலாம். ஆகவே சிலவற்றைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம். போதனா, மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் பல ஆதார வைத்தியசாலைகளிலும் உளநல கிளினிக் நடக்கிறது; அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். எங்கு போவதென்று தெரியாவிட்டால் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், உளநல வைத்தியரைப் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம். உயிராபத்து என்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள், அதற்கும் கட்டணமில்லை.

சாகவேண்டும் என்று ஒருவர் சொன்னால் அதட்டாதீர்கள். அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் கூடிவிடாது. அவரைத் தனியே விடாதீர்கள். கிருமிநாசினியையும் மாத்திரைகளையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள். தற்கொலைக்கு முயல்வது 1998 முதல் இந்த நாட்டில் குற்றமல்ல. பொலிஸுக்குப் பயந்து நஞ்சருந்தியவரை வீட்டில் மறைத்து வைத்திருக்கத் தேவையில்லை.

எல்லாவற்றையும் குடும்பத்தின் தலையில் சுமத்திவிடவும் முடியாது. கிளினிக் நாளில் உள்ளூர்க் கிராமத்திலிருந்து பஸ் ஏறும் தாய் அன்றைய கூலியை இழக்கிறார். 2022 பொருளாதார நெருக்கடியுடன் மருந்துகள் தட்டுப்பட்டன. வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். மருந்தை இடையில் நிறுத்திய நோயாளியைத் தேடி வீட்டுக்குப் போக, தமிழ் பேசும் உளநலப் பணியாளர்கள் நிரந்தரமாக நியமிக்கப்படவேண்டும். திட்டத்துக்குத் திட்டம் மாறும் தொண்டர்களால் அது ஆகாது.

புதிய உளநலச் சட்டம் பற்றிப் பல வருடங்களாகப் பேசப்படுகிறது. அதில் நாம் கேட்கவேண்டிய முதல் வாசகம், நோயாளியின் பதிவேடு எந்தப் பாதுகாப்புத் தரப்பின் கைக்கும் போகாது என்பதாக இருக்கவேண்டும். அந்த உத்தரவாதம் இல்லாமல் கட்டிடங்களை மட்டும் கூட்டினால், பயந்தவர்கள் தொடர்ந்தும் வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள்.