திரை நோயரும் தமிழ் பேசட்டும்!

மருத்துவ மாணவரும் செவிலிய மாணவியரும் நோயரின் படுக்கையருகே நிற்பதுபோலவே உணரச்செய்யும் இணையவழிப் பாடங்கள் பெருகி வருகின்றன. திரையில் நோயர் தோன்றுகிறார். மாணவர் வினவ, அவர் விடையிறுக்கிறார். நல்ல முறைதான், தவறினாலும் உயிர் போகாதன்றோ! ஆனால், அந்நோயர் ஆங்கிலத்தில் நோவுரைத்தால் வாசுதேவநல்லூருக்கு என்ன பயன்?

இங்குள்ள மூதாட்டி, "மேலுக்கு முடியலை, நெஞ்சைக் கரிக்குது" என்பார். அக்கரிப்பு செரியாமையாகவும் இருக்கலாம். நெஞ்சாங்குலை அடைப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம். எப்போதிருந்து, வியர்த்ததா, தோளுக்குப் பரவியதா என்று அவருக்கு விளங்கும் சொல்லில் கேட்கத் தெரியாதவர் ஆங்கிலத் தேர்வில் வென்றென்ன?

1847-இல் ஈழம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழ் கற்றார். மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றினார். உடற்கூற்று நூலையும் தமிழில் தந்தார். கணினியா இருந்தது அவரிடம்? வேற்றுநாட்டார்க்கு இருந்த துணிவு நமக்கு வேண்டாவா?

பாடம் வகுப்போர் முதலில் சிவகிரியிலும் புளியங்குடியிலும் வாசுதேவநல்லூரிலும் நோயரோடு அமர்ந்து, இசைவு பெற்று, அவர்தம் பேச்சை ஒலிப்பதிவு செய்க. திரை உரையாடலை அதன்பின் எழுதுக. கலைச்சொல்லாக்கம் அதற்கடுத்த வேலை.