ஏடிஆர் ஓட்டுபவரும் முழு விமானிதான்

மலேசியாவின் செரண்டாவில் உள்ள யூஎம்டபிள்யூ ஆலையில் ரோல்ஸ் ராய்ஸின் ட்ரென்ட் எஞ்சின்களுக்கு விசிறிக்கூடு தயாராகிறது. போயிங் 787-இல் பொருத்தப்படும் ட்ரென்ட் 1000-இன் விசிறி 2.85 மீட்டர் விட்டம் கொண்டது. அதன் கூட்டைச் செய்யும் ஊரின் பிள்ளைகள் பெரிய ஜெட் ஓட்டக் கனவு காண்பது இயல்பே. கூடவே ஏடிஆர் என்ற சிறிய காற்றாடி விமானத்தைப் பற்றி ஒரு பேச்சும் நம் வீடுகளில் ஊறிவிட்டது: “ஏடிஆர் ஓட்டுறதெல்லாம் ஒரு பைலட் வேலையா? ஜெட் கிடைக்காதவங்க போற இடம்.” இதில் உண்மையில்லை.

காற்றாடி வைத்த பழங்கால விமானம் என்பது முதல் குற்றச்சாட்டு. ஏடிஆர் 72-இன் ஆறு இதழ் காற்றாடியைச் சுழற்றுவதும் டர்பைன்தான். சுபாங்கிலிருந்து பினாங்குக்கு ஒரு மணி நேரப் பறப்பு. உயரத்துக்கு ஏறியதும் இறங்கத் தொடங்க வேண்டிய அந்தத் தூரத்தில் ஜெட்டின் வேகத்தால் பெரிய லாபமில்லை; ஏடிஆருக்கு எரிபொருள் செலவு வெகு குறைவு. அதனால்தான் விமான நிறுவனங்கள் அதை வைத்திருக்கின்றன.

திறமை குறைவு என்பது அடுத்தது. நெடுந்தூர விமானி பதின்மூன்று மணி நேரம் பறந்தாலும் தரையிறக்கம் ஒன்றுதான். அதுவும் உடன் வரும் விமானிகளில் ஒருவருக்கே வாய்க்கும். ஏடிஆர் விமானி ஒரே நாளில் நான்கு முறை ஏறி இறங்குவார். 25,000 அடிக்கு மேல் அந்த விமானம் போகாது. ஆகவே மழைக்காலத்தில் கோத்தா பாரு பக்கம் திரளும் இடிமேகத்தைத் தாண்டிப் பறக்க வழியில்லை. ரேடாரைப் பார்த்துப் பார்த்துச் சுற்றித்தான் போக வேண்டும். கேப்டன் ஆவதற்கான உயர்நிலை உரிமத்துக்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஏடிஆரில் பறந்த நேரமும் சேரும்.

“அமெரிக்க விமானிகள் சங்கங்களே சின்ன விமானங்களுக்கு வரம்பு போட்டிருக்கின்றனவே” என்பார்கள். போட்டிருப்பது உண்மை. பெரிய நிறுவனங்கள் துணை நிறுவனங்களிடம் ஒப்படைக்கும் விமானங்களில் 76 இருக்கைக்கு மேல் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்தார்கள். அவர்கள் எதிர்த்தது விமானத்தை அல்ல. அதே பயணியை, அதே நிறுவனத்தின் பெயரில், குறைந்த சம்பளத்துக்கு ஏற்றிச் செல்லும் ஏற்பாட்டை. நிரந்தரத் தொழிலாளி பால் வெட்டிய அதே ரப்பர் மரத்தைக் குத்தகைக்காரனின் ஆள் குறைந்த கூலிக்கு வெட்டியதைப் பார்த்த தோட்டத்து மக்களுக்கு இது புதிதல்ல. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கண்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

இந்த ஏற்பாட்டில் எவ்வளவு ஆபத்து இருக்க முடியும் என்பது 2009 பிப்ரவரியில் தெரிந்தது. அமெரிக்காவின் பஃபலோ அருகே, பெரிய நிறுவனம் ஒன்றின் பெயரில் பறந்த கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். விமானத்தில் கோளாறு இல்லை. வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தவறாகக் கையாண்டார். துணை விமானி முந்தைய இரவு நாட்டின் மறுகோடியிலிருந்து வேறு விமானங்களில் பயணியாக வந்து வேலையில் ஏறியவர். அதன் பிறகே அங்கே துணை விமானிக்கும் 1,500 மணி நேரம் கட்டாயமானது. ஓய்வு விதிகளும் இறுகின.

பெற்றோரே, பிள்ளையின் பயிற்சிக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்கும் முன் ஜெட்டா ஏடிஆரா என்று கேட்காதீர்கள். சம்பளம் தருவது எந்த நிறுவனம், பிணை ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, விமான வகைப் பயிற்சிக்கான செலவு யார் தலையில், நிறுவனம் அங்கீகரித்த சங்கம் உண்டா என்று கேளுங்கள்.