கலவைக் கீரை ரொட்டி

லாஸ் ஏஞ்சலீஸை ஒட்டிய கிளெண்டேலுக்குப் பிள்ளைகளைப் பார்க்க வரும் நம் ஊர்ப் பெற்றோர், 'இங்கே சைவத்துக்கு என்ன கிடைக்கும்?' என்று கேட்பார்கள். ஆர்மேனியன் பேக்கரிக்குப் போங்கள் என்பேன். ஈரான், லெபனான், சிரியா, சோவியத் ஆர்மேனியா என்று பல இடங்களிலிருந்து வந்த ஆர்மேனியர்கள் பெருங்கூட்டமாக வாழும் ஊர் இது. தெருவுக்குத் தெரு அவர்கள் பேக்கரிதான்.

நான் போகும் கடை ரொம்பச் சின்னது. நான்கு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வாசலில் காத்திருக்க வேண்டும். கேக், பஃப்ஸ் எதிர்பார்க்காதீர்கள். சலவை வேட்டி போல மடித்து அடுக்கிய லவாஷ் ரொட்டிதான் முதலில் கண்ணில் படும். ஊரில் இதைத் தரைக்குள் பதித்த 'தோனிர்' அடுப்பின் சுவரில் அறைந்து சுடுவார்கள். காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. தண்ணீர் தெளித்தால் மறுபடி மிருதுவாகிவிடும். 2014-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த ரொட்டி. பக்கத்திலேயே கொத்துக்கறி தடவிச் சுட்ட லாமஜூன் இருக்கும். டஜன் கணக்கில் வாங்கிப் போகிறார்கள். சைவக்காரர்கள் அதைத் தாண்டி வந்துவிடலாம்.

நமக்கானது 'ஜிங்யாலோவ் ஹாத்ஸ்'. ஹாத்ஸ் என்றால் ரொட்டி. ஈஸ்ட் போடாத மாவை மெல்லிசாகத் தேய்த்து, பொடிப்பொடியாக நறுக்கிய கீரைகளில் உப்பும் எண்ணெயும் பிசறி, கை கொள்ளாமல் அள்ளி வைத்து மூடி, தட்டையாக அழுத்திக் கல்லில் சுடுவது. நம் போளிக்குக் கீரைப் பூரணம் வைத்தது போல. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் இதற்கு ஏக கிராக்கி.

இது நாகோர்னோ கராபாக் மலைப்பகுதியின் ரொட்டி. ஆர்மேனியர்கள் அதை ஆர்ட்சாக் என்பார்கள். அஜர்பைஜான் எல்லைக்குள் ஆர்மேனியர்கள் வாழ்ந்த பகுதி. 2022 டிசம்பரில் ஆர்மேனியாவுக்குப் போகும் ஒரே சாலை அடைபட்டது. ஒன்பது மாதம் பற்றாக்குறை, ரொட்டிக்கே வரிசை. 2023 செப்டம்பரில் அஜர்பைஜான் படை நடவடிக்கை எடுத்ததும், சில நாள்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள்.

கடையில் இந்த ரொட்டியைச் சுடுகிற அம்மா அவர்களில் ஒருவர். கடை, முன்பே இங்கே வந்துவிட்ட மகளுடையது. அம்மா பேசுவதை மகள்தான் ஆங்கிலத்தில் சொல்வார். எத்தனை கீரை போடுவீர்கள் என்று கேட்டேன். பசலை, கொத்தமல்லி, வெங்காயத்தாள், பீட்ரூட் இலை என்று எண்ணி எட்டில் நிறுத்தினார். ஊரில் இருபது வரை போடுவார்களாம். பாதிக்கு மேல் பயிரிடுவதில்லை. பனி உருகியதும் மலைச்சரிவில் தானாக முளைப்பவை.

'அந்தப் பெயர்களையாவது எழுதி வைக்கலாமே' என்றேன். மகள் சிரித்தார். நோட்டுப் புத்தகம் போட்டு எழுதிக்கொண்டுதான் இருக்கிறாராம். ஆனால் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எந்த இலையைப் பறிக்கலாம், எதைத் தொடக்கூடாது, எது பூத்துவிட்டால் கசக்கும் என்பதெல்லாம் சரிவில் அம்மாவோடு குனிந்து நடந்தால்தான் தெரியும். சின்ன வயதில் ஊரில் இருந்தபோது அவருக்கு அதில் அக்கறை இல்லை. இப்போது அக்கறை இருக்கிறது, சரிவுக்குப் போக வழியில்லை.

எங்கள் ஊர் சென்னையிலும் ஆர்மேனியன் தெரு உண்டு, 1772-ல் கட்டிய உங்கள் தேவாலயம் இருக்கிறது என்றேன். உலகின் முதல் ஆர்மேனியப் பத்திரிகை 1794-ல் அங்கேதான் அச்சானது என்பது மகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆர்மேனியன் என்பதை நம் ஜனங்கள் 'அரண்மனைக்காரன் தெரு' ஆக்கிவிட்டதைச் சொன்னதும் இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

அம்மாவுக்கு வேறு கேள்வி இருந்தது: உங்கள் ஊரில் என்ன கீரை? முருங்கை, அரைக்கீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி என்று அடுக்கினேன். 'கலவைக் கீரை' என்று கட்டாகவே விற்பார்கள் என்றதும் மகளை இரண்டு முறை மொழிபெயர்க்கச் சொன்னார்.

அடுத்த வாரம் இந்தியன் கடையிலிருந்து ஒரு கட்டு வெந்தயக் கீரை கொண்டு போனேன். கசக்கி முகர்ந்தார், ஓர் இலையை மென்றார். ஒரு பிடி நறுக்கிக் கலந்து, ஒரே ஒரு ரொட்டி சுட்டு மூன்றாகப் பிய்த்தார்.

"கசப்பு தூக்கல். பாதிப் பிடி போதும்" என்று மகள் மொழிபெயர்த்தார். அம்மா அதற்குள் மிச்சக் கட்டை ஆய ஆரம்பித்திருந்தார்.