90 மணி நேரமும் மதுரைக் கணக்கும்

வேலை நேரத்தை நீட்டினால் நாடு முன்னேறிவிடும் என்ற பேச்சு ஓய்வதாகத் தெரியவில்லை. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் வெளியான காணொளியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்பிரமணியன் அதை 90 ஆக்கினார். ஞாயிற்றுக்கிழமை ஊழியர்களை வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தினார். வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். பேச்சோடு நின்றிருந்தால் விட்டுவிடலாம். அதே ஆண்டில் ஆந்திரம் தினசரி வேலை நேரத்தை 9 மணியிலிருந்து 10 மணியாக்க முடிவெடுத்தது. தொழிற்சாலைகளில் 12 மணி நேரம் வரை வேலை வாங்க அனுமதித்து குஜராத் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மகாராஷ்டிர அமைச்சரவையும் அதே வழியில் போனது. தமிழ்நாடு 2023 ஏப்ரலில் அவசர அவசரமாக நிறைவேற்றிய 12 மணி நேரச் சட்டத் திருத்தத்தை, கடும் எதிர்ப்பு எழுந்ததால் மே தினத்தன்று கைவிட்டது. மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பிறகு விவாதம் மறுபடி சூடுபிடித்திருக்கிறது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு அவற்றிலும் அப்படியே நீடிக்கிறது என்பது ஓர் ஆறுதல். ஆனால், ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் மணிக்கணக்கை மட்டுமே பேசுகிறார்கள். ஓர் ஊழியர் எதற்காக அந்த வேலையைச் செய்கிறார், மேலே இருப்பவருக்கு அவரை யாரென்று தெரியுமா, அவர் நன்றாகச் செய்ததை யாராவது கவனித்துச் சொன்னார்களா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் நேரத்தைக் கூட்டச் சொல்பவர்கள் தங்கள் வேலையைச் செய்யாமல் அடுத்தவர் வேலையைக் கூட்டுகிறார்கள்.

இதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. அரசு மருத்துவப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ.வெங்கடசாமி, உடன்பிறந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் அந்த விரல்களைக் கொண்டே கண் அறுவை சிகிச்சை செய்யப் பழகிக்கொண்டவர் அவர். அந்த மருத்துவமனையைப் பற்றிய மேலாண்மை ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு ஒன்று உண்டு. இந்தியாவில் ஒரு கண் அறுவை சிகிச்சை மருத்துவர் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 400 கண்புரை அறுவை சிகிச்சைகள் செய்கிறார். அரவிந்த் மருத்துவர் 2,000 செய்கிறார். ஐந்து மடங்கு! இப்போது 90 மணி நேரக்காரர்களின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சட்டம் அனுமதிக்கும் 48 மணி நேரத்தை 90 ஆக உயர்த்தினாலும் நேரம் இரண்டு மடங்கைக்கூடத் தொடவில்லை. அதற்குள் மனிதர் களைத்துவிடுவார், தவறுகள் பெருகும், குடும்பம் சிதையும். ஐந்து மடங்கு வேலை நடக்கும் இடத்தில் கடிகாரம் ஐந்து மடங்கு நீளவில்லை. நம் தொழிலதிபர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டிய கணக்கு இதுதான்.

அரவிந்தின் அறுவை அரங்கில் மருத்துவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு மேசைகள். ஒரு மேசையில் அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த மேசையில் நோயாளியைப் படுக்கவைத்து, கண்ணைச் சுத்தம்செய்து, கருவிகளை வரிசையாக எடுத்துவைத்து முடித்திருப்பார்கள் செவிலியர்கள். முதல் நோயாளிக்கு முடிந்ததும் நுண்ணோக்கியை மறுபக்கம் திருப்பினால் போதும், அடுத்தவருக்கு வேலை தொடங்கிவிடும். மருத்துவர் யாருக்காகவும் எதற்காகவும் காத்திருப்பதில்லை. இந்த ஏற்பாட்டைத் தாங்கி நிற்பவர்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்து வந்த பெண்கள். அவர்களைத் தேர்வுசெய்யும்போது குடும்பத்தாரையும் அழைத்துப் பேசுகிறார்கள். கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்து, இரண்டு ஆண்டுகள் பயிற்சி தருகிறார்கள். பார்வைப் பரிசோதனை, நோயாளிக்கு ஆலோசனை, அறுவை அரங்கு உதவி என்று ஒவ்வொருவரும் ஒரு துறையில் தேர்ச்சி பெறுகிறார்கள். அந்நிறுவனத்தின் பணியாளர்களில் பெரும்பகுதி இவர்கள்தான். வேறொரு மருத்துவமனையில் ‘ஏம்மா, இங்க வா’ என்று விரல் சொடுக்கிக் கூப்பிடப்பட்டிருக்கக்கூடிய ஒரு பெண், இங்கே ஒரு துறையின் தேர்ச்சியாளராக நடத்தப்படுகிறார். கட்டு அவிழ்க்கும் காலையில், முந்தைய நாள் வரை பேரப்பிள்ளையின் முகம் தெரியாமல் இருந்த கிழவி, அந்தப் பெண்ணின் கண் முன்னாலேயே பார்வை பெறுகிறார். வேலையின் நோக்கத்தை இதைவிடத் தெளிவாக எந்த ஹெச்.ஆர். துறையும் சுவரொட்டி அடித்து விளக்க முடியாது. நோயாளிகளில் பெரும்பகுதியினருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை கிடைக்கிறது என்பது அங்கே வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தெரியும். கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து 100 டாலருக்கு வந்துகொண்டிருந்தபோது, 1992இல் ஆரோலேப் நிறுவனத்தைத் தொடங்கி அதை 10 டாலருக்கும் கீழே கொண்டுவந்ததும் இதே நோக்கத்தால்தான்.

அரவிந்திலும் உழைப்பு கடுமைதானே என்று கேட்பார்கள். கடுமைதான், விடியற்காலையே நாள் தொடங்கிவிடுகிறது. ஆனால், எதற்கு என்று தெரிந்து உழைப்பவருக்கும் மேலதிகாரியின் கண்ணுக்காக இரவு ஒன்பது மணி வரை நாற்காலியைத் தேய்ப்பவருக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள மேலாண்மைப் பட்டம் தேவையில்லை. மருத்துவமனைக்குப் பொருந்துவது கட்டுமானத்துக்கும் மென்பொருளுக்கும் எப்படிப் பொருந்தும் என்பது அடுத்த கேள்வி. தாராளமாகப் பொருந்தும். சர்தார் படேலின் 182 மீட்டர் சிலையை எழுப்பியதும், சந்திரயான்-3 ஏவுகலத்துக்குப் பாகங்கள் செய்துகொடுத்ததும் எல் அண்ட் டி நிறுவனம். மகனிடமும் மகளிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இதைவிடப் பெரிய வேலை வேறென்ன வேண்டும்? அப்படிப்பட்ட நிறுவனத்தின் தலைவர் தன் ஊழியர்களிடம் பேசக் கிடைத்த நேரத்தில் அந்தப் பெருமையைப் பேசியிருக்கலாம். அவர் பேசியது ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. 2023-24இல் அவருடைய ஆண்டு ஊதியம் சுமார் 51 கோடி ரூபாய்; அந்நிறுவன ஊழியர்களின் இடைநிலை ஊதியத்தைப் போல 534 மடங்கு. 534 மடங்கு வாங்குபவர் ஒரு மடங்கு வாங்குபவரிடம் தியாகம் கேட்கும்போது அது தலைமைப் பண்பு ஆகாது, அதிகாரத் தோரணை மட்டுமே.

நாராயண மூர்த்தி சுட்டிக்காட்டும் ஜெர்மனியையும் ஜப்பானையும் எடுத்துக்கொள்வோம். இன்றைய ஜெர்மனியில் ஒரு தொழிலாளி ஆண்டுக்கு உழைக்கும் நேரம் சுமார் 1,340 மணி. வளர்ந்த நாடுகளிலேயே மிகக் குறைவான இடங்களில் அது ஒன்று. ஜப்பான் தன் ஊழியர்களை அளவுக்கு மீறி வேலை வாங்கி, வேலைப் பளுவால் நேரும் மரணங்களுக்கு இழப்பீடு கொடுக்கும் நிலைக்குப் போய், 2018இல் கூடுதல் நேர வேலைக்குச் சட்டத்தால் கடிவாளம் போட்டது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்தே சொல்லிவிட்டன. இந்தியத் தொழிலாளர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஏற்கெனவே வாரம் 49 மணி நேரமோ அதற்கு மேலோ உழைக்கிறார்கள். நீண்ட நேரம் உழைத்தால் நாடு பணக்கார நாடாகும் என்றால் நாம் எப்போதோ ஆகியிருக்க வேண்டும். ஆகவே, உலக உதாரணங்களைக் காட்டி 70, 90 என்று கேட்பவர்களின் வாதம் முதல் சோதனையிலேயே விழுந்துவிடுகிறது.

இன்னொரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். நோக்கம், பாராட்டு என்ற சொற்களை ஊதியத்துக்குப் பதிலாகக் கொடுத்து ஏமாற்றுபவர்களும் நம்மிடையே குறைவில்லை. கரோனா காலத்தில், 2020 மே 3 அன்று, மருத்துவமனைகள் மீது ஹெலிகாப்டரிலிருந்து மலர் தூவினோம். வீடு வீடாக நடந்த சுமார் 10 லட்சம் ஆஷா பணியாளர்களுக்கு 2022இல் உலகச் சுகாதார நிறுவனமே விருது கொடுத்துக் கௌரவித்தது. கேரளத்தில் அதே ஆஷா பெண்கள் 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்கக் கோரி 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தார்கள். போராட்டம் மாதக்கணக்கில் நீண்டது. முன்களப் பணியாளர்கள் என்று நாம் போற்றிய தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலையைத் தனியாருக்கு விடுவதை எதிர்த்து, 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் நாள்கணக்கில் கிடந்தார்கள். கூலியைக் கொடுக்காமல் கும்பிடு போடுவது பாராட்டு ஆகாது. பாராட்டு என்பது கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகு தொடங்குவது.

கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டோம் என்று சொன்ன ஒரு நிறுவனமும் தடுமாறியது. ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள்கள் நீடித்தது. வட்டாரத்தில் இதே மாதிரியான தொழிலாளர்கள் வாங்கும் சராசரி ஊதியத்தைப் போல 1.8 மடங்கு தருகிறோம் என்றது நிர்வாகம். தொழிலாளர்களுக்கு ஊதியக் கோரிக்கையும் இருந்தது. ஆனால், அவர்கள் விட்டுக்கொடுக்க மறுத்தது தங்கள் சங்கத்துக்கான அங்கீகாரத்தை. எங்களோடு உட்கார்ந்து பேசுங்கள் என்பதே அதன் பொருள். சங்கத்தைக் கண்டு அஞ்சும் நிர்வாகங்கள், நாங்கள் ஊழியர்களோடு குடும்பமாகப் பழகுகிறோம் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. பிறந்தநாளுக்கு கேக் வெட்டுவது நேரடி உறவு ஆகிவிடாது. தனக்குப் பிடிக்காததை ஊழியர் சொல்லும்போதும் காதுகொடுக்கும் மேலாளரிடம்தான் அந்த உறவு தொடங்குகிறது.

ஜவுளிக் கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை செய்த பெண்கள் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அதற்கு மூன்றாண்டு முன்பே கேரளம் இயற்றிவிட்டது. புடவை எடுக்க வந்தவர்களுக்கு நாற்காலி போட்டு, குளிர்பானம் கொடுத்து உபசரிக்கும் கடையில், நூறு புடவைகளைப் பிரித்துக் காட்டி மறுபடி மடிக்கும் பெண்ணுக்கு ஒரு ஸ்டூல் போட முதலாளிக்கு ஏன் தோன்றவில்லை? கால் நரம்பு புடைத்து நிற்பவரிடம் வாடிக்கையாளரைப் புன்னகையோடு வரவேற்கச் சொல்லும் தலைமை, அடிப்படை மனித உணர்வையே இழந்துவிட்ட தலைமை. ஊழியர் மேம்பாட்டுக்குப் பயிலரங்கு நடத்துவதற்கு முன் அந்த ஸ்டூலைப் போடுங்கள்.

செபி விதிகளின்படி பெரிய 1,000 பட்டியல் நிறுவனங்கள் ஆண்டுதோறும் எத்தனை சதவீத ஊழியர்கள் விலகினார்கள், இடைநிலை ஊதியம் எவ்வளவு என்பதை வெளியிட வேண்டும். யாரும் படிக்காத பக்கங்களில் அந்த எண்கள் கிடக்கின்றன. பங்குதாரர்கள் அவற்றை எடுத்துப் படித்து, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டும். வேலை நேரத்தை நீட்டித் தாருங்கள் என்று கோட்டைக்கு வரும் நிறுவனத்திடம் முதலமைச்சரும் தொழிலாளர் துறையும் முதலில் ஊழியர் விலகல் எண்ணைத்தான் கேட்க வேண்டும். ஆண்டுதோறும் ஊழியர்களை இழந்துகொண்டிருக்கும் நிர்வாகத்துக்கு, மிச்சமிருப்பவர்களின் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்கும் தகுதி கிடையாது. 2023 மே தினத்தன்று கைவிட்ட அந்தத் திருத்தத்தை வேறு எந்தப் பெயரிலும் தமிழ்நாடு அரசு மறுபடி சட்டமன்றத்துக்குக் கொண்டுவரக் கூடாது.