அம்மாயி சொன்னதும் ஆதாரமே

உயர்தரப் பெறுபேறு வந்ததும் நமது பத்திரிகைகள் எண்ணத் தொடங்கிவிட்டன. ஹட்டனில் எத்தனை பேர், தலவாக்கலையில் எத்தனை பேர், வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் எத்தனை பேர். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பல்கலைக்கழகத்துக்குள் போன பிள்ளை இறுதியாண்டில் என்ன எழுதுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

அரசறிவியல் சிறப்புக்கலை படிக்கும் மாணவி ஒருத்தி இந்த வாரம் தன் ஆய்வேட்டைக் காட்டினாள். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பற்றியது. ஓர் இயல் முழுவதையும் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். அதில் இருந்தவை அவளுடைய அம்மாயி சொன்ன பிரிவுக் கதை, சில ஒப்பாரிகள், ஒரு சிறுகதை. இவை இலக்கியம், சர்வதேச உறவுகளுக்கு ஆதாரமாகாது என்று ஓரத்தில் குறிப்பு. அதைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை.

அந்த ஒப்பந்தத்தில் 1964 அக்டோபர் 30 அன்று இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டார்கள். இங்கிருந்த இந்திய வம்சாவளி நாடற்றவர்கள் ஏறத்தாழ 975,000 பேர் என்று கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். அந்த மீதியை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். கொழுந்து பறித்தவர் எவரும் அந்த மேசையில் இல்லை. ஆனால் இந்தியா கேட்டு விண்ணப்பித்தவர்கள் அந்த 525,000ஐ எட்டவே இல்லை. ஏன்? போக மனமில்லாதவர்கள் ஏன் போகவில்லை, போனவர்கள் எந்தப் பயத்தில் போனார்கள் என்பதை டில்லிக்கும் கொழும்புக்கும் இடையே போன கடிதங்களில் தேடினால் கிடைக்காது. லயத்துக் காம்பராவில் நடந்த பேச்சில்தான் அது இருக்கிறது. அந்தப் பேச்சைக் கேட்டவர்களுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது.

அப்படிப் போனவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலை நம் சனம் ஒப்பாரிக் கோச்சி என்றது. மு. சிவலிங்கம் தன் சிறுகதைத் தொகுதிக்கு அந்தப் பெயரையே வைத்தார். இருநாட்டு ஒப்பந்தம் ஒன்றை அதில் அகப்பட்ட மக்களே எப்படி அளந்தார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குச் சி.வி. வேலுப்பிள்ளை மீது எனக்குள்ள பிடிப்பு தெரியும். இன்றும் அவரைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்து, அவருக்கு வாக்களித்த சனத்தை நாடற்றவர்களாக்கியது. அந்த அரசியலின் நடுவே நின்ற அதே மனிதர்தான் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று தோட்டத்துப் பாட்டுகளைத் தொகுத்தார். தாலாட்டும் ஒப்பாரியும் அதில் இருக்கின்றன. கங்காணியின் மீதும் துரையின் மீதும் இருந்த கோபமும் இருக்கிறது. தோட்ட நிர்வாகத்தின் அறிக்கையில் தொழிலாளி வெறும் எண். இந்தப் பாட்டுகளில் அவள் தன் கசப்பைத் தானே சொல்கிறாள். துறைமுகம், கூலி, கடன், பிரிவு எல்லாம் பாட்டுக்குள் வந்துவிடுகின்றன. அரசியல் படிக்கும் பிள்ளைக்கு முதல் வாரமே இந்த நூலைக் கையில் கொடுக்க வேண்டும் என்று நான் பல முறை எழுதியிருக்கிறேன். இனியும் எழுதுவேன். அரசியலையும் இலக்கியத்தையும் இரண்டு துறைகளாக வேலி போட்டுப் பிரிப்பது சி.வி.யின் மண்ணில் செல்லாது.

அம்மாயி ஆண்டை மாற்றிச் சொல்லலாம். யார் முதலில் போனார் என்பதில் தடுமாறலாம். சரிதான், கடவுச்சீட்டின் முத்திரையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொருவரிடமும் கேட்கச் சொல்லுங்கள். ஆய்வுப் பயிற்சி என்பது அதுதானே. இயலை அடித்துவிடுவது பயிற்சியாகாது. வெளியிலிருந்து வரும் பெரிய ஆய்வாளருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். இந்தப் பிள்ளைக்கு அடுப்படியில் உட்கார்ந்தால் போதும்.

அவளிடம் நான் சொன்னது இதுதான். இயலைத் திருப்பி வை. பேசியவரின் சம்மதம், தோட்டத்தின் பிரிவு, பதிவு செய்த நாள் எல்லாவற்றையும் அடிக்குறிப்பில் எழுது. 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றபோது இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கேயே தங்கிப்போனவர்கள் உன் தோட்டத்தில் யார் என்று விசாரி. அவர்களில் பலர் இலங்கைக் குடியுரிமைக்கு 2003 சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்துக்குப் போன உறவுகளின் தொலைபேசி எண்களை அம்மாயியிடம் வாங்கிக்கொள். அங்கேயும் வயசாளிகள்தான் மிஞ்சியிருக்கிறார்கள்.