வண்டி வாடகைக்குக் கிடைக்கும், மண்ணு?

தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ விவசாயப் பதிவுன்னு ஓடிடாதீங்க மக்களே. இது ஜீப்பு விஷயம்.

போன ஐப்பசியில ஒரு வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமா திங்களும் வெள்ளியும்தான் திறப்பாங்கன்னு வந்து போனவங்களுக்குத் தெரியும். அன்னிக்கு எங்க ஊர்ல கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்துல ஹாரன் அடிச்சிக்கிட்டு ஒரு தார் ஜீப்பு வந்து நிக்குது. இறங்குனது எங்க அக்கா மகன்.

"என்னடா, வாங்கிட்டியா?"

"இல்ல மாமா, வாடகை. ரெண்டு நாளைக்கு. காரைக்குப் போயி ஆஃப்ரோடு பண்ணப்போறோம். நீங்களும் வாங்க."

முதல் தடவையாம். யூட்யூப்ல நெறைய பாத்திருக்கானாம். (நானும் இதய ஆபரேஷன் வீடியோ பாத்திருக்கேன், அதுக்காக கத்தியத் தூக்கிட்டுக் கெளம்பிட முடியுமா?)

நான் வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்தேன். முதல்ல கண்ணுல பட்டது நம்பர் பிளேட்டு. வெள்ளை போர்டு, கறுப்பு எழுத்து. அதாவது சொந்த உபயோக வண்டி. நாமே ஓட்டுற வாடகை வண்டின்னா கறுப்பு போர்டுல மஞ்சள் எழுத்து இருக்கணும். நண்பனுக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் "கம்மி ரேட்டு"ல கொடுத்தாராம். கம்மி ரேட்டு எதனாலன்னு இவன் கேக்கல. சொந்த உபயோக வண்டிய வாடகைக்கு விட்டு ஏதாவது ஆச்சுன்னா, இன்சூரன்ஸ்காரன் கையை விரிக்க அந்த ஒரு காரணம் போதும். கறுப்பு போர்டு வண்டியா இருந்தாலும் பெரும்பாலும் கதை வேற இல்ல. செல்ஃப் டிரைவ் ஒப்பந்தத்தைப் பொறுமையாப் படிச்சா "ஆஃப்ரோடு கூடாது"ன்னு எங்கயாவது ஒரு வரி இருக்கும். விளம்பரப் படத்துல மட்டும் வண்டி சேத்துல குளிச்சிக்கிட்டு இருக்கும்!

ரெண்டாவது, உள்ள எட்டிப் பாத்தேன். கியர் லிவர் ஒண்ணுதான் இருந்துச்சு. நாலு சக்கரமும் இழுக்கற தார்ல அது பக்கத்துலயே குட்டியா இன்னொரு லிவர் இருக்கும். 2023 ஜனவரியில மகிந்திரா பின்சக்கரம் மட்டும் இழுக்கற தாரையும் கொண்டாந்தாங்க. வெளியில பாத்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், சட்டுனு வித்தியாசம் தெரியாது. ரோட்டுக்கு நல்ல வண்டிதான், குத்தம் சொல்லல. ஆனா சேத்துல மாட்டிக்கிட்டா அதுவும் நம்ம அம்பாஸடரும் ஏறக்குறைய ஒண்ணு. பயபுள்ள அதைக்கூட கேக்காம எடுத்துட்டு வந்திருக்கான்.

சரி, தனியா விட மனசில்லாம நானும் ஏறி உக்காந்தேன்.

காரை தெரியாதவங்களுக்கு: எங்க ஊர்லேருந்து கிழக்கால, குளக்காநத்தம் பக்கம். திடீர்னு தரை அரிச்சுப்போயி, வெள்ளையும் செவப்புமா மடிப்பு மடிப்பா மேடும் பள்ளமுமா கெடக்கும். சுமார் பத்து கோடி வருஷத்துக்கு முன்னாடி அது கடலடி. சின்ன வயசுல மாமா வீட்டுக்குப் போறப்ப துப்பாக்கித் தோட்டா மாதிரி கல்லு பொறுக்கி டவுசர் பாக்கெட்ட நெரப்புவோம். அதுக்கு பெலம்னைட்டுன்னு பேரு, கணவாய் மீனோட தூரத்துச் சொந்தம்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட அம்மோனைட்டும் கெடைக்கற இடம். 1862-லயே பிளான்ஃபோர்டுங்கற வெள்ளைக்காரர் இந்தப் பக்கத்துப் பாறைகளப் பத்தி விரிவா எழுதி வச்சிட்டுப் போனார். பாடாலூர் பக்கத்து ஊட்டத்தூர் பேரு இன்னிக்கும் உலகம் பூரா புவியியல் புஸ்தகத்துல இருக்கு. அந்தப் பக்கம் பஸ் புடிக்கிறவங்களுக்கு இது தெரியுமான்னா, தெரியாது.

இந்த மண்ணுமேலதான் இவன் "டிரெயில்" ஓட்டப்போறான்.

சாத்தனூர் கல்மரத்துக்கு வேலி போட்டு போர்டு வச்சிருக்காங்க. பதினெட்டு மீட்டர் நீளம், படுத்திருந்தாலும் மரம் மரம்தானே, பாத்ததும் கும்பிடத் தோணும். காரையில சிதறிக் கெடக்கறது விரல் நீளக் கல்லு. அது மேல ரெண்டு டன் வண்டி ஏறுனா யாருக்குக் கேக்கும்? மழைல அரிக்கிற களிமண்ணு வேற. ஒரு டயர் தடம் போட்டாப் போதும், அடுத்த மழை அந்தத் தடத்தையே வாய்க்காலாக்கிக்கும். நாங்க போனப்பவே யாரோ ஏறி எறங்குன தடம் ரெண்டு, நாயி பொறாண்டுன மாதிரி சரிவுல தெரிஞ்சுது.

உள்ள எறங்காதடான்னு கெஞ்சினேன். சரின்னு ஓரமா வண்டிப்பாதையில திருப்புனான். முந்தின ராத்திரி மழை. கரிசல் மண்ணு. டயர் பட்டன்ல எல்லாம் மண்ணு அப்பி பணியாரம் மாதிரி வழவழன்னு ஆயிடுச்சு. இவன் ஆக்ஸிலேட்டர மிதிக்க மிதிக்க பின்சக்கரம் குழி பறிச்சிக்கிட்டு உள்ள போகுது. கயிறு இல்ல. கூட இன்னொரு வண்டி இல்ல. காத்து எறக்கலாம்னா திருப்பி அடிக்க பம்ப் இல்ல. மக்காச்சோளக் காட்டுலேருந்து ஒரு பெரியவர் டிராக்டரக் கொண்டாந்து பத்து நிமிஷத்துல இழுத்து விட்டார். காசு வாங்கிக்கல. "கரிசல்ல மழை நாள்ல நாங்களே எறங்கமாட்டோம் தம்பி"ன்னு மட்டும் சொன்னார்.

நான் ஆஃப்ரோடுக்கு எதிரி இல்லீங்க. எனக்கும் ஆசைதான். ஆனா முதல் தடவைன்னா வண்டிய மட்டும் வாடகைக்கு எடுக்காதீங்க, டிரைவரோட சேத்து எடுங்க. கொழுக்குமலை போயிருக்கீங்களா? மலை நம்ம தேனி மாவட்டம், ஜீப்பு ஏறணும்னா கேரளாப் பக்கம் சூரியநெல்லி போகணும். அந்தக் கல்லுப் பாதைல உள்ளூர் டிரைவர்தான் ஓட்டுவார். நாம பக்கத்து சீட்டுல உக்காந்து முதுகெலும்ப எண்ணிக்கிட்டே வேடிக்கை பாக்கலாம். எங்க வேகத்தக் கொறைக்கறார், எறக்கத்துல பிரேக்க விட்டுட்டு முதல் கியர்லயே இன்ஜின் பிடியில எப்படி எறக்கறார், எந்தக் கல்லுமேல சக்கரத்த ஏத்தறார், எதை ஒதுக்கறார்... இதெல்லாம் ஒரு தடவை கிட்ட இருந்து பாத்தா பாதி பாடம் முடிஞ்சுது. முக்கியமா அங்க வண்டி போறது ஏற்கனவே இருக்கற பாதையில. புதுசா யாரும் மண்ணைக் கிழிக்கல.

அப்புறமும் கை அரிச்சா, காசு கட்டி ஓட்டக் கத்துக்கொடுக்கற தனியார் இடத்துக்குப் போங்க. சேறு, பள்ளம், சரிவு எல்லாம் அவங்களே வெட்டி வச்சிருப்பாங்க. அதுல எவ்வளவு வேணா புரளலாம்.

வெள்ளை போர்டு ஓனர் வண்டிக்கு அடியில குனிஞ்சு பாத்துட்டு அட்வான்ஸ்ல பாதியப் புடிச்சிக்கிட்டாராம். பையன் ரெண்டு நாள் போன் எடுக்கல. மூணாவது நாள் கூப்பிட்டு, "மாமா, சூரியநெல்லிக்கு எந்த பஸ்ஸு?"ன்னான்.

தேனி போயி மாறிக்கடான்னு சொல்லியிருக்கேன். நானும் போறேன். முன் சீட்டு எனக்குத்தான் :-)