ஆஸ்பத்திரி வாசலிலேயே பேசி முடிக்காதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

அறுவடை நேரத்தில் நம் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமச் சாலைகள் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பாதிச் சாலையில் நெல் காயும். மீதிப் பாதியில் டிராக்டர், அறுவடை மெஷின், மினி பஸ், கார், மொபெட் எல்லாம் போயாக வேண்டும். இதற்கு நடுவில் ஒரு கார் எதிரே வருவதைப் பார்க்காமல், இண்டிகேட்டரும் போடாமல், சட்டென்று வலப்பக்கம் திரும்பும். எதிரே மொபெட்டில் வந்தவருக்குக் கால் முறியும்.

அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு தரப்புக்கும் வேண்டியவர்கள் கூடுவார்கள். "கேஸு கோர்ட்டுன்னு அலையாதப்பா, கார்க்காரரும் நமக்குத் தெரிஞ்சவர்தான், முப்பதாயிரம் வாங்கிக்க" என்பார்கள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று சொல்லச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், அடிபட்டவருக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம் இது.

முதல் விஷயம், நஷ்டஈடு கார்க்காரர் நெல்லை விற்றுத் தரும் பணம் என்று பலர் நினைக்கிறார்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். பாலிசி நடப்பில் இருந்து, ஓட்டியவரிடம் லைசென்ஸும் இருந்தால், பணம் தருவது இன்சூரன்ஸ் கம்பெனி. அதற்குத்தானே அவர் வருஷா வருஷம் பிரீமியம் கட்டுகிறார்? இன்சூரன்ஸ் போடாத டிராக்டர்க்காரர்தான் பயப்பட வேண்டும்.

நான் கணக்கு வாத்தியார். கணக்காகவே சொல்கிறேன். அடிபட்டவருக்கு வயது 42, மாத வருமானம் 12,000 ரூபாய், பிழைப்புத் திறனில் 30 சதவீதம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷ வருமானம் 1,44,000. அதில் 30 சதவீதம் 43,200. 2009-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி 41 முதல் 45 வயது வரை பெருக்கும் எண் 14. பெருக்கினால் 6,04,800. மருத்துவச் செலவு, வலிக்கான தொகை எல்லாம் இதற்கு மேல் தனி. இப்போது அந்த முப்பதாயிரத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"கூலிக்காரன் வருமானத்துக்கு ரசீது எங்கே?" என்று கேட்பார்கள். கர்நாடகத்தில் விபத்தில் காலை இழந்த காய்கறி வியாபாரி ஒருவர் வழக்கில், அவரிடம் வருமானச் சான்று எதிர்பார்க்க முடியாது என்று கூறி, மாதம் 6,500 ரூபாயை உச்ச நீதிமன்றம் 2014-ல் ஏற்றுக்கொண்டது. டாக்டர் தரும் ஊன சதவீதம் வேறு, பிழைப்பில் வரும் இழப்பு வேறு என்று 2010 தீர்ப்பு சொல்கிறது. முழங்கால் மடங்காவிட்டாலும் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுபவர் சமாளிப்பார். நடவு நடும் பெண் என்ன செய்வாள்?

"நம்ம பையன் மேலயும் தப்பு இருக்கே" என்பது அடுத்த தயக்கம். 2017-ல் கோவையில் நெடுஞ்சாலையில் ஒரு கார் எந்த சைகையும் இல்லாமல் திடீரென நின்றது. பின்னால் பைக்கில் வந்த மாணவர் அதில் மோதி விழ, பின்னால் வந்த பஸ் ஏறி அவர் காலை இழந்தார். 2025-ல் உச்ச நீதிமன்றம் பொறுப்பைக் காருக்கு 50, பஸ்ஸுக்கு 30, போதிய இடைவெளி விடாத மாணவருக்கு 20 சதவீதம் என்று பிரித்தது. அந்த 20 சதவீதம் கழித்தும் அவருக்குச் சுமார் 91 லட்சம் கிடைத்தது. நம் பக்கம் தப்பு இருந்தால் தொகை குறையும். உரிமை போய்விடாது.

எட்டு வருஷமா என்று மலைப்பீர்கள். அந்தத் தாமதம் கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லா வழக்கும் டெல்லி வரை போவதில்லை. சமரசம்தான் வேண்டுமென்றால், தீர்ப்பாயத்தில் மனு போட்ட பிறகு லோக் அதாலத்தில் நீதிபதி முன்னால் கம்பெனியோடு பேசுங்கள். அங்கே முடிந்தால் அப்பீல் கிடையாது.

செய்ய வேண்டியவை நான்கு. ஆஸ்பத்திரியில் நடந்தது நடந்தபடி பதிய வேண்டும். எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். மருந்துச் சீட்டு, பில் எல்லாம் பத்திரப்படுத்த வேண்டும். ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது, அதை மறக்கக் கூடாது.

என்னிடம் படித்த பலர் இன்று ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொல்லும் வயதில் இருக்கிறீர்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரி வாசலில் உங்களைப் பேசக் கூப்பிட்டால், முதலில் அந்த வண்டியின் இன்சூரன்ஸ் பேப்பரைக் கேளுங்கள். தொகையைப் பிறகு பேசலாம்.